கற்பிட்டி வீதியில் இரண்டு ‘ரார்’

போன யூலை மாதக் கடைசியில் புத்தளம் மாவட்டக் கரையோரம் இரண்டு நாள் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கவென்று போகவில்லை. டென்மார்க்கில் இருக்கிற என்னுடைய சித்தியின் மகள் மதுராவுக்கும், நோர்வேயில் இருக்கிற ஆதவனுக்கும் கலியாணம் பேசினார்கள். இரண்டு பக்கமும் கோடை விடுமுறைக்கு இலங்கைக்கு வருவதால் இங்கேயே நேரில் சந்திப்போம் என்று முடிவானது. வவுனியாவில் இருக்கிற நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று கேட்டால், சித்திக்கு இப்போதைய இலங்கை தெரியாது, எனக்கு வான்காரரோடும் அறைக்காரரோடும் கதைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுச் சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். பாதைகளும் செலவும் இடையிடையே வரும். நடுவில் ஒரு பெரிய குழப்பமும் வரும். அதில் பாதி எனக்கு இன்னும் தெளியவில்லை. தெளிந்த மட்டும் சொல்கிறேன்.

ஏன் கற்பிட்டி என்றால், ஆதவன் காற்றாலைப் பொறியியலாளர். அந்தக் கரையில் நிற்கிற காற்றாலைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சித்திக்கு முன்னேஸ்வரத்தில் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வழியில் வருகிற இடங்கள். அப்படித்தான் முடிவானது.

சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் வவுனியாவிலிருந்து அனுராதபுரம் போய், அங்கே பஸ் மாறிப் புத்தளத்தில் இறங்கினேன். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. நாலு மணித்தியாலம் எடுத்தது. புத்தளத்தில் வான்காரர் நிஸ்தார் வானோடு காத்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள், அவர் பிறந்தது புத்தளத்தில். “நான் ரெண்டு ஊருக்கும் ஆள்தான் அக்கா, ரெண்டு ஊரும் என்னைய மத்த ஊர்க்காரன் எண்டுதான் சொல்லும்” என்று சிரித்தார். எண்ணெய்ச் செலவோடு இரண்டு நாளைக்கு நாற்பத்திரண்டாயிரம் பேசியிருந்தோம்.

புத்தளத்திலிருந்து சிலாபம் ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். சிலாபத்திலிருந்து உள்ளே கொஞ்சத் தூரம் போனால் முன்னேஸ்வரம். நாங்கள் போய்ச் சேர மற்றவர்கள் நீர்கொழும்பிலிருந்து ஒரு வாடகைக் காரில் வந்து கோயில் வாசலில் இறங்கினார்கள். மொத்தம் நாலு பேர். சித்தியும் மதுராவும் ஒரு பக்கம். ஆதவனும் அவருடைய தமக்கை பிருந்தாவும் மற்றப் பக்கம். ஆதவனுக்குத் தகப்பன் இல்லை, தாய் சுகமில்லாமல் ஒஸ்லோவில் இருக்கிறா. அதனால் பெரியவர் இடத்தில் வந்தது பிருந்தாதான். எங்கள் சித்தப்பா முழங்கால் சத்திரசிகிச்சை செய்துவிட்டு வீட்டில் இருந்தார்.

கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. ஆம்பிளைகள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும் ஆதவன் கூச்சத்தோடு கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். மதுரா குருக்கள் சொன்னபடி பெயர் நட்சத்திரம் சொல்லத் தெரியாமல் முழித்தாள். சித்தி சொல்லிக் கொடுத்தா. பிருந்தா சித்தியின் கையைப் பிடித்துப் படி இறக்கி விட்டா. “அன்ரி, வெயிலுக்குள்ள நடக்காதேங்கோ” என்று தன்னுடைய குடையைக் கொடுத்தா. நான் மனதுக்குள் முடிந்த விசயம் என்றே நினைத்தேன்.

ஆதவன் மட்டும் அதிகம் கதைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். எல்லாருக்கும் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தார். சித்தி சாப்பிடத் தொடங்கும்வரை தான் சாப்பிடாமல் இருந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத பெடியன். மதுராவும் அவரும் இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் பழகியிருந்தார்கள். அவள் டெனிஸில் எழுதுவாளாம், அவர் நோர்வே மொழியில் எழுதுவாராம், இரண்டு பேருக்கும் விளங்குமாம். இடையில் இங்கிலிஸும் கொஞ்சம் தமிழும். “இரண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான் அக்கா, எங்கட தமிழும் இந்தியத் தமிழும் மாதிரி” என்று மதுரா எனக்கு விளக்கம் தந்தாள்.

சிலாபத்தில் ஒரு சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் நிஸ்தாரின் வானில் ஏறினோம். கற்பிட்டிக்குப் போக, புத்தளம் பக்கமாகத் திரும்பி வந்து, நகரத்துக்குச் சற்று முன்னால் பாலாவியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயிருந்து நாற்பது கிலோமீற்றர். வழியில் உப்பளங்கள், பிறகு தென்னந்தோட்டங்கள், பிறகு ஒரு பக்கம் களப்பு. போகப் போகக் காற்று கூடும். யூலையில் அங்கே காற்று வானின் கதவைத் திறக்க விடாது. பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர் அந்தக் காற்றுக்காகத்தான் வருகிறார்கள்.

பாலாவி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில்தான் அது நடந்தது. அப்போது எனக்குத் தெரியாது. மதுரா கடைசி இருக்கையில் இருந்து தன்னுடைய சிநேகிதிக்குத் தொலைபேசியில் குரல் பதிந்துகொண்டிருந்தாள். டெனிஸ் மொழி எனக்கு வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரித்தான் கேட்கும். நடுவில் “ஹான் ஏர் ரார்” என்று ஒரு வசனம். அதை நான் கவனித்ததற்குக் காரணம் அந்த மொழி அல்ல. முன் இருக்கையில் இருந்த பிருந்தா, சித்தியோடு பட்டுச்சேலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவ, அரைவாசியில் நிறுத்திவிட்டா. முகத்தை யன்னல் பக்கம் திருப்பினா. அதற்குப் பிறகு கற்பிட்டி வரும்வரை ஒரு சொல்லும் இல்லை.

வானில் தலைச்சுற்று என்று நினைத்து என் கைப்பையிலிருந்து இஞ்சி இனிப்பை நீட்டினேன். வேண்டாம் என்றா. கற்பிட்டிக் கோட்டைக்குப் போனோம். உலாந்தாக்காரர், அதாவது ஒல்லாந்தர், கட்டியது. இப்போது கடற்படை முகாமுக்குள் இருக்கிறது, அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கட்டாயம் கொண்டு போங்கள். கடற்படைப் பெடியன் ஒருவர் கூட வந்து காட்டினார். மதிலின் மேல் நின்று களப்பைப் பார்க்கிற இடத்தில் எல்லாரும் படம் எடுத்தார்கள். பிருந்தா ஏறி வரவில்லை. கீழே நின்று யாருக்கோ தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தா.

அறைகள் கண்டக்குழிப் பக்கம் எடுத்திருந்தோம். ஓர் அறை, காலைச் சாப்பாட்டோடு ஒன்பதாயிரத்து ஐந்நூறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பாரை மீன் பொரித்து வைத்தார்கள். நல்ல மீன். பிருந்தா தொடவில்லை. சனிக்கிழமை விரதமாக்கும் என்று நினைத்து, “மன்னிக்க வேணும் பிள்ளை, நான் கேட்டிருக்க வேணும்” என்றேன். “விரதமில்லை அக்கா” என்று எழும்பிப் போய்விட்டா. பிறகு அறை பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். நுளம்பு வலையில் ஓட்டை இருந்தது. அதற்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சித்தி ஏதும் சீதனம் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டாவோ என்று சந்தேகம் வந்தது. சித்தியைத் தனியே கூப்பிட்டு விசாரித்ததில் அவவுக்குக் கோபம் வந்து, “நான் சேலையைப் பற்றித்தானே கதைச்சனான்!” என்று அவவும் முகத்தை நீட்டினா. அன்றைக்கு நான் எத்தனை பேரிடம், எத்தனை காரணத்துக்காக மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. ஒன்றும் சரியான காரணம் இல்லை.

ஞாயிறு காலை ஆதவன் காற்றாலைகளைப் பார்க்கத் தனியே நடந்து போய்விட்டார். மதுராவையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் முதல்நாள் கதை. அவள் வெளிக்கிட்டு, தலை இழுத்து, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாணும் சம்பலும் மேசைக்கு வந்த நேரம் பிருந்தா என்னிடம் வந்து இங்கிதமாகத்தான் சொன்னா.

“அக்கா, நாங்கள் மத்தியானமே கொழும்புக்கு வெளிக்கிடுறம். இதை இதோட விடுவம். ஒருத்தரிலயும் கோவமில்லை.”

“என்ன நடந்தது பிள்ளை?”

“மதுராவுக்கு விருப்பமில்லை. அது அவவின்ர உரிமை. ஆனா முகத்துக்கு முன்னால ஒரு மாதிரிச் சிரிச்சுக்கொண்டு, பின்னால வேற மாதிரிக் கதைக்கக் கூடாது.”

நான் மதுராவிடம் ஓடினேன். “நீ என்னடி சொன்னனீ?” என்றேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, “நான் ஒண்டுமே சொல்லேல்லை அக்கா. நான் என்ன செய்தனான்?” என்று திரும்ப என்னையே கேட்டாள். சித்தி கட்டிலில் இருந்து அழத் தொடங்கினா. இருபத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இனி எங்கே தேடுவது என்பது சித்தியின் கவலை. மதுராவின் கவலை அதில்லை. அவள் ஒரு நேரம் கழித்து மெல்லமாக, “அவர் என்னைப் பார்க்காமலே போயிட்டார்” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெடியனில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. விருப்பமில்லாமல் கதைத்தவள் எதற்கு இப்படி முகம் வாடுகிறாள்?

இருக்கிறது ஒரு வான். கொழும்புக்குப் போவதென்றாலும் புத்தளம் வரை எல்லாரும் அதில்தான் வர வேண்டும். ஆதவன் முன்னால் நிஸ்தாருக்குப் பக்கத்தில் ஏறினார். பிருந்தாவும் நானும் நடுவில். சித்தியும் மதுராவும் பின்னால். செத்த வீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டோம்.

நிஸ்தாருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. ஏதாவது கதைக்க வேண்டும் என்று காய்ந்து கிடந்த வெளிகளைக் காட்டி, “பாருங்க அக்கா, எப்பிடிக் கெடக்குது. இங்கால மழை அருமை” என்றார்.

பின்னாலிருந்து மதுராவின் குரல் வந்தது. “மழை அருமை எண்டா, ஏன் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு?”

“மழை அருமை, அதாலதானே தங்கச்சி காஞ்சு கெடக்குது.”

“நல்ல மழை எண்டுதானே சொன்னீங்கள்?”

“எங்க நல்ல மழை? மழையே இல்லையே!”

மற்ற நேரமாயிருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். ஒருவரும் சிரிக்காததால் நான் விளக்கம் சொல்லப் போனேன். “மதுரா, அருமை எண்டதுக்கு ரண்டு கருத்து. ஒரு ஆள் அருமையாத்தான் வாறவர் எண்டா, எப்பவாவதுதான் வருவார். அருமையான ஆள் எண்டா, நல்ல ஆள். கிடைக்கிறது கஷ்டமான சாமான் எண்டா அதில எங்களுக்குப் பற்று வரும்தானே, அப்பிடித்தான் ரண்டும் ஒண்டாயிருக்க வேணும்.”

“ஓ!” என்றாள் மதுரா. “அப்ப அது எங்கட ‘ரார்’ மாதிரி. முந்தின டெனிஸில அது கிடைக்கிறது கஷ்டமானதுக்குச் சொல்லுறதாம். இப்ப நல்ல ஆள், அன்பான ஆள்.”

பிருந்தா முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு பின்னால் பார்த்தா.

“என்ன சொன்னனீர்?”

“ரார். நல்ல ஆள்.”

“டெனிஸில ரார் எண்டா நல்ல ஆளோ?”

“ஓம். நோர்வேயில?”

 பிருந்தா தமிழில் எங்கள் எல்லாருக்கும் விளங்கச் சொன்னா. “நோர்வேயில ரார் எண்டா ஒரு மாதிரியான ஆள். தலையில ஏதோ பிழை எண்ட மாதிரி. நேற்று நீர் இவனை அப்பிடிச் சொன்னதைக் கேட்டுட்டன். பள்ளிக்கூடத்தில இவன்ர வகுப்புப் பெடியள் எல்லாரும் இவனை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவை. நான் ஒவ்வொரு இடைவேளைக்கும் போய்ச் சண்டை பிடிச்சனான். அம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.” அவ கண்ணைத் துடைத்துக்கொண்டா. “அந்தச் சொல்லை உம்மட வாயால கேட்டவுடன எனக்கு...”

சித்தி பின்னாலிருந்து, “ஒரே எழுத்தோ? ஒரே சொல்லோ?” என்று மூன்று முறை கேட்டா. ஒரே எழுத்து, ஒரே சொல், அந்த வசனமே முழுதாக இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்று மதுரா சொன்னாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். நாலு பெண்களும் ஒரே நேரத்தில் கதைத்தோம். மன்னிப்புகள் எல்லாத் திசையிலும் பறந்தன. இந்த முறை காரணமாவது சரி.

இவ்வளவும் நடக்க, யாரைப் பற்றிய கதையோ அவர் திரும்பியே பார்க்கவில்லை. “நிப்பாட்டுங்கோ” என்றார் திடீரென்று. நிஸ்தார் ஓரமாக நிறுத்த முதலே கதவைத் திறந்து இறங்கி, வீதியைக் கடந்து, வெட்டவெளியில் நடக்கத் தொடங்கினார். பிருந்தாவின் முகம் வெளிறியது. “கோவிச்சிட்டான்” என்றா. எனக்கும் அப்படித்தான் பட்டது. மனிதரை வைத்துக்கொண்டு தலையில் பிழை என்ற சொல்லைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்திருக்கிறோமே.

கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் கட்டாக்காலிக் கழுதைகள் நிறையத் திரியும். அதில் ஒன்றின் முன்னங்கால் இரண்டிலும் பழைய தங்கூசி மீன்வலைத் துண்டு சுற்றி இறுகிப்போய், அது நொண்டி நொண்டித் துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஆதவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நிஸ்தார் இளநீர் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். நாங்களும் இறங்கினோம். ஆதவன் நல்ல வெள்ளைக் காற்சட்டையோடு புழுதிக்குள் படுத்துக் கிடந்தார். கழுதையோடு கதைத்துக்கொண்டிருந்தார், நோர்வே மொழியில், ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தாமல். இரண்டு நாளில் அவர் கதைத்த முழுவதையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. முதல் முறை கிட்டப் போனபோது அது உதறி அவருடைய முழங்காலுக்குக் கீழே உதைத்தது. இரத்தம் வந்தது. பிருந்தா கத்தினா. அவர் கையை மட்டும் காட்டி எங்களை நிற்கச் சொன்னார்.

மதுரா நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்க் கழுதையின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அவள் ஒரு சிறுவர் ஆஸ்பத்திரியில் தாதி. துள்ளுகிற உயிரைப் பிடித்து வைக்கிறது அவளுக்குப் புதிதில்லை. அவளும் அதற்கு டெனிஸில் ஏதோ சொன்னாள். இரண்டு மொழியும் கழுதைக்கு விளங்கியதோ தெரியாது, ஆனால் நின்றது. நிஸ்தார் கத்தியைக் கொடுக்க, ஆதவன் தங்கூசியை ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசி இழை விட்டதும் அது எங்களைத் திரும்பியும் பார்க்காமல் பற்றைக்குள் போய் மறைந்தது.

மதுரா போத்தல் தண்ணீரால் அவருடைய காயத்தைக் கழுவினாள். அப்போது பிருந்தா நோர்வே மொழியில் படபடவென்று தம்பிக்கு விசயத்தை விளக்கினா. அவர் கேட்டு முடித்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார், எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் போல.

“எனக்குத் தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“டெனிஸில ரார் எண்டா என்னெண்டு. நான் டெனிஸ்காரரோட ஆறு வருசமா வேலை செய்யிறன்.”

பிருந்தா வாயைத் திறந்தபடி நின்றா. “அப்ப நேற்று நான் உனக்குச் சொல்லேக்க ஏன் ஒண்டும் சொல்லேல்லை? நான் இராமுழுக்க நித்திரையில்லாமல் இருந்தனே!”

அவர் காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு பெட்டை ஒரு பெடியனைப் பற்றித் தன்ர சிநேகிதிக்கு ‘நல்லவன்’ எண்டு மட்டும் சொன்னா, வேண்டாம் எண்டுதானே அர்த்தம். உங்களுக்குக் கோவம் வந்தது, பேசாமல் விலகிப் போக எனக்கும் வசதியாப் போச்சு.”

இந்த இடத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. தமக்கைக்கு நோவு வந்தது பிழையான கருத்தால். தம்பிக்கு நோவு வந்தது சரியான கருத்தால். கருத்து எது என்று தெரியாமல் நான் மீனுக்கும் நுளம்பு வலைக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

எல்லாரும் மதுராவைப் பார்த்தோம். வெயில் கொளுத்தியது, காற்று மண்ணை அள்ளி எறிந்தது, அவள் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். தமிழில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அது அரைவாசி வசனம். நான் சொன்னது, அவர் நல்லவர், ஆனா அவர் ஆர் எண்டு எனக்குத் தெரியேல்லை எண்டு. கோயிலடியிலயிருந்தே எல்லாருக்கும் தண்ணி வாங்கித் தாறார். அம்மாவுக்குக் கதவு திறந்து விடுறார். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஒரு கோவம், ஒரு பகிடி, ஒண்டும். நான் அதைத்தான் சொன்னனான்.”

“பயம்” என்றார் ஆதவன்.

“என்ன பயம்?”

“நோர்வே ரார் வெளியில வந்திடும் எண்டு.”

மதுரா அவருடைய புழுதி பிடித்த சட்டையையும் கிழிந்த காற்சட்டையையும் பார்த்தாள். “வரட்டும்” என்றாள். பிறகு, “உந்தக் காலுக்கு ஊசி போட வேணும். எழும்புங்கோ” என்றாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் சனம். வரிசையில் காத்திருந்த நேரம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வாங்கில் இருந்து கதைத்தார்கள். நோர்வேயும் டெனிஸும் தமிழும் கலந்து, கையாலும் காட்டி. என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. பிருந்தாவும் சித்தியும் நிஸ்தாரோடு வெளியே போய்த் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

எனக்கு வேறு வேலை இல்லாததால், எனக்குத் தெரிந்த வெளிநாட்டுச் சொந்தம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியை அனுப்பினேன்: உங்கள் நாட்டில் ரார் என்றால் என்ன? ரொட்டர்டாமில் இருக்கிற மச்சாள் உடனே எழுதினா: “விசர்த்தனமானது. ஏன், ஆர் உன்னை அப்பிடிச் சொன்னது?” நான் உலாந்தாக்காரர் கட்டிய அந்தக் கோட்டையை நினைத்தேன். அந்த மதிலில் நின்றவர்களும் எங்கள் ஊர்ச் சனத்தைப் பார்த்து எத்தனை தரம் இந்தச் சொல்லைச் சொன்னார்களோ. ஜேர்மனியில் இருக்கிற சிநேகிதி, “கிடைக்கிறது அருமை எண்டதுக்குச் சொல்லுவம். ஒரு ஆள் கன நாளா முகம் காட்டாட்டிலும் சொல்லலாம்” என்றாள். சுவீடனில் இருக்கிற என் பெறாமகன், “குழந்தைப் பிள்ளைகளைச் செல்லமாச் சொல்லுறது” என்றான். இங்கிலிஸில் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆறு நாடு, ஒரு சொல், நாலோ ஐந்தோ கருத்து.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். இது அந்த மொழிகளின் சொந்தச் சொல்லே இல்லையாம். இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். இலத்தீனில் அதற்கு ஐதானது, நெருக்கமில்லாதது என்று பொருள். கண் பெரிய வலைக்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்களாம். ஐதாக இருப்பது எப்போதாவது கிடைப்பது ஆனது. எப்போதாவது கிடைப்பதை டெனிஸ்காரரும் சுவீடன்காரரும் அருமையானது என்று எடுத்துக்கொண்டார்கள், அது நல்லது, அன்பானது என்று போனது. நோர்வேக்காரரும் உலாந்தாக்காரரும், எப்போதாவது காண்பதென்றால் வழமையில்லாதது, வழமையில்லாதது என்றால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர் ஏன் இப்படி எதிர்த் திசைகளில் போனார்கள் என்பதற்கு நான் வாசித்த ஒன்றிலும் பதில் இல்லை. நாங்கள் ஏன் ‘அருமை’யை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்கிறோம் என்பதற்கும் எனக்குப் பதில் தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் நாலு பேரும் ஒன்றாகவே கொழும்புக்குப் போனார்கள். நிஸ்தாரே கொண்டுபோய் விட்டார். என்னைப் புத்தளம் பஸ் நிலையத்தில் இறக்கினார்கள். நிச்சயதார்த்தம் என்ற பேச்சே எடுக்கப்படவில்லை. சித்தி என் காதுக்குள், “இப்ப ஓம் எண்டதோ இல்லை எண்டதோ?” என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

ஒக்ரோபரில் ஆதவன் கப்பல் ஏறி டென்மார்க் போனார். நத்தாருக்கு மதுரா நோர்வே போய் அவருடைய தாயைப் பார்த்தாள். பிறகு ஒரு மாதம் இரண்டு பேரும் பெரிய சண்டை, கதையே இல்லை என்று சித்தி அழுதா. எதற்கு என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் சொல்லவில்லை. போன மாதம் மதுராவின் ஊர் நகரசபையில் பதிவுத் திருமணம் செய்தார்கள். படத்தில் பிருந்தா எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறா.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். ஓங்கில், அதுதான் டொல்பின், பார்க்கிற ஆசையென்றால் யூலையில் போகாதீர்கள், கடல் கொந்தளிக்கும். அதற்கு மார்கழி முதல் பங்குனி வரைதான் நல்லது. காற்றுக்கும் பட்டச் சறுக்கலுக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரை. கற்பிட்டிக்குப் புத்தளத்திலிருந்து பஸ் ஓடுகிறது, ஆனால் வயதானவர்களோடு போனால் வான்தான் வசதி. தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம். வெவ்வேறு நாட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஒரே வானில் ஏற்றினால், ஒருவர் திடீரென்று பேசாமல் இருந்தாரென்றால் இஞ்சி இனிப்பு கொடுக்காதீர்கள். என்ன சொல் காதில் விழுந்தது என்று நேரே கேளுங்கள்.

இன்னொன்று. கலியாணம் பேசிப் போகிறவர்கள் எங்களைப் போல ஓர் இரவுக்கு மட்டும் அறை எடுக்காதீர்கள். முதல் நாள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். இரண்டாம் நாள் கோபிப்பார்கள். மூன்றாம் நாளுக்கும் காசு கட்டி வையுங்கள். ஆளை ஆள் சந்திக்கிறது அநேகமாக அன்றைக்குத்தான்.